பழைய கஸ்டமர்

"நான் உங்க பழைய கஸ்டமருங்க" என்று கடைசிவிலை போனில் சொன்னார். சுத்தப் பொய்.

சூட்கேஸ் கடைக்காரருக்குத் தெருவில் அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. பெட்டி வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் "கடைசி விலை சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு இன்னும் பல கடைசி விலைகள் வரும். அவர் விற்ற பெட்டிகள் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் அடிபட்டுத் திரும்பியிருந்தன. அவர் மட்டும் கல்லாவை விட்டு நகர்ந்ததில்லை. 'அடுத்த வருஷம் கட்டாயம் போறோம்' என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியிடம் சொல்லி வந்ததும் ஒரு வகையில் கடைசி விலைதான்.

இந்த வருடம் அந்த அம்மாள் பேரத்தை முடித்துவிட்டாள். "நீங்க வந்தா உங்களோட போறேன். வராட்டி நான் மட்டும் போறேன். எதுன்னு சொல்லிடுங்க."

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தாள். அவள் இல்லாத வீட்டில் கடைசிவிலைக்குக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

போகிற தேசமோ லேசுப்பட்டதல்ல. ஒரு கோடியில் பனி உறைந்து கிடக்கும்போது மறுகோடியில் மணல் கொதிக்கும். நடுவில் காடு, நதி, அதற்கப்பால் கடல். ஊருக்கு ஊர் பேச்சு மாறும், உடுப்பு மாறும், முகவெட்டே மாறும். ஆனால் வாடகை பேசுகிற பாஷை எல்லா ஊருக்கும் ஒன்றுதான் என்பது கடைசிவிலையின் சித்தாந்தம். அந்தப் பாஷையின் முதல் வாக்கியம், நான் பழைய கஸ்டமர். பெட்டி வாங்க வந்தவர்களிடம் கதை கேட்டுக் கேட்டு, எந்த விடுதியில் எந்தப் பக்கம் ஜன்னல் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

இப்போது மறுமுனையில் இருந்தவர் ஒரு மலை விடுதிக்காரர். போனுக்குள் எங்கோ 'கீச்... கீச்...' என்று ஒரு சத்தம். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"தெரியுமே சார்" என்றது குரல். "உங்க குரலை மறக்க முடியுமா? அதே ஜன்னலோர அறைதானே?"

கடைசிவிலை பூரித்துப்போனார். பொய் கேட்ட விலைக்குப் போய்விட்டது! எதிரில் தூசி தட்டிக்கொண்டிருந்த மச்சினனுக்குக் கண்ணடித்தார். "அதேதாங்க. பழைய ஆளுன்னு பார்த்து, போன தடவை வாங்கின வாடகையையே போட்டுக்குங்க."

"சரி சார்" என்று அந்த ஆள் ஒரு வாடகையைச் சொன்னார். கடைசிவிலைக்கு இருமல் வந்துவிட்டது.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு?"

"போன தடவை நீங்களே விரும்பிக் கொடுத்ததுதான் சார். நான் குறைச்சுதான் கேட்டேன். பரவாயில்லை வெச்சுக்குங்கன்னீங்க. நீங்க பேரமே பேச மாட்டீங்களே?"

போனை வைத்த கடைசிவிலை, தொழில் தெரிந்த எதிரியைக் கண்ட மரியாதையோடு தலையாட்டினார். "பலே கைகாரன்டா மாப்ளே. என் பொய்யை எடுத்து எனக்கே விக்கிறான்."

மலை வேண்டாம், தேசத்தின் மறுகோடிக்குப் போய் மணலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று திட்டத்தைத் தலைகீழாக்கினார். பாலைவனத்துக் கூடாரக்காரரிடம் பழைய கஸ்டமர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "புதுசா வர்றேன். ரெண்டு பேர்" என்றார்.

'கீச்... கீச்...'

"புதுசா? நல்லா தமாஷ் பண்றீங்க சார்!" என்று அங்கே ஒரு பெண் குரல் சிரித்தது. "வலது முழங்கால் எப்படி இருக்கு? மணல்ல நடக்கக் கஷ்டப்பட்டீங்களே."

கடைசிவிலையின் கை தானாக வலது முழங்காலைப் பிடித்தது. அந்த வலியை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பரண் ஏறாதே என்பாள். பரண் ஏறாமல் பெட்டி விற்க முடியாது.

"ரெண்டு பேர்னா, இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிட்டு வர்றீங்களா? சந்தோஷம் சார். சொன்னபடியே செய்றீங்க" என்றாள் அவள்.

அவர் போனைச் சூடான பாத்திரம்போல மேஜையில் போட்டார்.

"என்ன மச்சான், முகம் வெளுத்துப்போச்சு? வாடகை அதிகமா?" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி. கடையில் அவனுக்கு வேலை அதிகம், மரியாதை குறைவு.

"மாப்ளே, இதுல ஏதோ மோசடி இருக்கு. அந்த ஊர்க்காரங்க எல்லாம் கூட்டு. நீ பேசு. என் குரலே வேண்டாம். காட்டுல மர வீடு ஒண்ணு இருக்காம். உன் பேர்ல கேளு."

மச்சினன் பேசினான். "ஆமாங்க... நான்தாங்க..." என்றான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தான். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தான்.

"என்னடா?"

"'மச்சினன்தானே பேசறது'ன்னு அவங்களே கேட்டாங்க. என்னை ரொம்பத் திட்டிட்டீங்கன்னு வருத்தப்பட்டீங்களாம். திரும்பிப் போனதும் சம்பளத்தைக் கூட்டணும்னு சொன்னீங்களாம். எனக்குத் தெரியவே தெரியாது மச்சான், உங்களுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்கும்னு."

"நான் சொல்லலைடா!"

"காட்டுல சொல்லியிருக்கீங்க. கடையிலயும் ஒரு தடவை சொல்லிட்டா நல்லாயிருக்கும்."

விஷயம் வீட்டுக்குப் போயிற்று. மனைவி முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டாள். எனக்குத் தெரியாமல் எப்போது போனீர்கள் என்று குடைந்தாள். கடையே கதியென்று கிடப்பவர் எந்த நாளில் எங்கே போயிருக்க முடியும் என்று யோசித்து, அவளே அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டாள்.

"கடற்கரை விடுதிக்கு நானே பேசறேன், குடுங்க" என்று போனை வாங்கினாள்.

கடைசிவிலை சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து அந்தக் கீச்சுச் சத்தம் அவர் நின்ற இடம்வரை கேட்டது. மனைவியின் முகம் முதலில் இறுகியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசியில் ஒரு சிரிப்பு வந்தது. கடைசிவிலை அந்தச் சிரிப்பைக் கல்யாணப் போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

"என்ன சொன்னான்?"

"அவர் சாயங்காலமெல்லாம் கடலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாராம். 'இதைப் பார்க்கணும்னு அவளுக்கு எவ்வளவு ஆசை, நான்தான் தள்ளிப்போட்டுட்டே வந்துட்டேன்'னு சொல்லிச் சொல்லி அழுவாராம்." அவள் போனை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். "நல்ல மனுஷனா இருக்கார்."

"யாரு?"

"நீங்கதான்" என்றாள். ஆனால் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

நதிக்கரை விடுதி ஒன்றுதான் பாக்கி. மறுநாள் கடையில் கடைசிவிலை அழைத்தார். பேசாமலே இருந்து என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

"சாரா?" என்றது ஒரு கிழக்குரல். "உங்க பெட்டி இங்கேயேதான் சார் இருந்துச்சு, பத்திரமா. அந்தப் பழுப்பு நிறப் பெட்டி. ஒரு சக்கரம் மட்டும் கீச்சுகீச்சுன்னு கத்துமே? காலையில நீங்களே வந்து எடுத்துக்கிட்டீங்க. அம்மாவைக் கூப்பிட ஏர்போர்ட் போறேன்னு கிளம்பினீங்களே, இன்னுமா போய்ச் சேரலை?"

கடைசிவிலை மெல்ல நிமிர்ந்து பரணைப் பார்த்தார். மேல் வரிசையில் ஒரு பழுப்புப் பெட்டி உண்டு. கோணல் சக்கரம். எத்தனை கடைசி விலை சொல்லியும் யார் தலையிலும் கட்ட முடியாத பெட்டி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பரண் முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக, நீள்சதுரமாய் வெறும் பலகை.

"மாப்ளே, அந்தப் பழுப்புப் பெட்டியை வித்தியா?"

"அதை யாரு மச்சான் வாங்குவா?"

அவர் இறங்கி நேராக டிராவல்ஸ் ஆபீசுக்கு ஓடினார். பயணத்தை ரத்து செய் என்றார். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரத்து பண்ணினா ஒரு பைசா திரும்ப வராது சார். அந்த மாதிரி டிக்கெட்தான் மலிவுன்னு நீங்கதானே என்னோட அரை நாள் சண்டை போட்டு வாங்கினீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக, நஷ்டம் போனால் போகட்டும் என்று சொல்ல அவருக்கு நாக்கு வந்தது. ஆனால் கூடவே மனைவியின் பாஸ்போர்ட்டும் நினைவுக்கு வந்தது. அவர் வராவிட்டாலும் அவள் போவாள். அங்கே ஏர்போர்ட்டில் ஒருவன் பெட்டியோடு நிற்கிறான். தனியாக அவளை அனுப்புவதாவது!

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தனக்கொரு புதுச் சால்வை வாங்கியிருந்தாள். பக்கத்தில் ஆண்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்று, பளிச்சென்ற மஞ்சளில்.

"எனக்கு மஞ்சள் பிடிக்காதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுமே" என்று அதை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள்.

விமானத்தில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிப் பிடித்ததில்லை. அவளுக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்தது. "இப்பவாவது தோணுச்சே" என்றாள். இறங்கியதும் கடலைப் பார்க்க வேண்டும், இனிமேல் எதையும் தள்ளிப்போடக் கூடாது என்று அவர் மனதுக்குள் சத்தியம்கூடச் செய்துகொண்டார். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சத்தியம் நிலைத்திருக்க வேண்டும்.

ஆனால் இறங்கிய இடத்தில் பெட்டி தள்ளுகிற ஆள் வந்து நின்றான். கூலியைச் சொன்னான்.

"என்னது?" என்றார் கடைசிவிலை. உடம்பெல்லாம் பழைய ரத்தம் ஓடியது. "பெட்டியைத் தள்ளறதுக்கா, பெட்டிக்கே விலையா?"

"என்னங்க, விடுங்க. கேட்டதைக் குடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம் இரு. இவன் என்னைப் புதுசுன்னு நினைச்சிட்டான்." அவள் கையை விட்டு, விரலை நீட்டி ஆரம்பித்தார். "இங்க பாருப்பா, நான் இந்த ஊருக்குப் பழைய ஆளு..."

"நான் வாசல்ல நிக்கறேன்" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார், காதில் வாங்கவில்லை. அவன் கூலியில் இறங்கினான், இவர் ஏறவில்லை. இவர் பெட்டியைத் தாமே தூக்குவதாக மிரட்டினார், அவன் தூக்கிக்கொள் என்றான். கடைசியில் அவன் அலுத்துப்போய் பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்டபோது, அந்தக் கூட்டத்து இரைச்சலில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்கோ 'கீச்... கீச்...' என்று கேட்டது. கேட்டுக்கொண்டே போய்த் தேய்ந்து நின்றது.

கடைசிவிலை பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். முழங்கால் கத்தியது. வாசலில் யார் யாரோ நின்றார்கள். எத்தனையோ நிறத்தில் உடுப்பு, எத்தனையோ பாஷையில் பேச்சு. சால்வை போர்த்திய ஒருத்தியைக் காணோம்.

டாக்சிக்குக் கதவு திறந்துவிடுகிற ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஐயா, இங்க ஒரு அம்மா நின்னாங்களே, புதுச் சால்வை போட்டுக்கிட்டு, அவங்க எங்கே?"

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெரிந்தவரைக் கண்டதுபோல் ஒரு சலாம் வைத்தான்.

"என்ன சார் இது விளையாட்டு? இப்பதானே நீங்களே அம்மா கையைப் பிடிச்சு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனீங்க, அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, டிரைவர் கேட்டதுக்குப் பேரம்கூடப் பேசாம!"