சகோதரி பியூலா குணமான கதை

அந்தக் கோடையில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து டாக்டர்களுக்கெல்லாம் வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். தீர்க்கதரிசி தாடியஸ் வந்துவிட்டாரே. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும். மார்பில் கட்டி இருந்தால் அவர் கைவிளக்கு சிவக்கும். அவர் விற்கும் எண்ணெயைத் தடவினால் பச்சையாகும். எண்ணெய் வாங்காதவர்களுக்கு மட்டும் ஏனோ பச்சை வருவதில்லை.

பழைய செருப்புக்கடை ஒன்றில் கூடிய அவருடைய சபைக்குக் கறுப்பினப் பெண்கள் தெருமுனைவரை வரிசையில் நின்றார்கள். முட்டாள்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அக்காளையோ தோழியையோ இந்த நோய்க்குப் பறிகொடுக்காதவள் அந்த வரிசையில் அரிது. வெள்ளைக்காரிகளைவிட இவர்களுக்கு நோய் அதிகமில்லை; சாவுதான் அதிகம்.

முடி பின்னும் கடை வைத்திருக்கும் வெர்லீன், மார்பில் கட்டியோடு முதலில் மருத்துவமனைக்குத்தான் போனாள். டாக்டர் கணினியைப் பார்த்தபடியே, "உங்களுக்குச் சின்ன வயசு, ஒண்ணும் இருக்காது" என்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதே மாதிரிக் கட்டியோடு போன பக்கத்துக் கடை வெள்ளைக்காரியை அன்றைக்கே படம் எடுக்க அனுப்பியவர் அவர்.

பிறகு தாடியஸ். சிவப்பு, எண்ணெய், பச்சை.

"போயிடுச்சு அண்ணி" என்றாள் வெர்லீன்.

அண்ணி ஒசெல்லா நகரப் பேருந்து ஓட்டுபவள். "கைக்குத் தட்டுப்படுதா?"

"படுது. அது கட்டியோட நிழலாம்."

"நிழல் எப்படிடி கைக்குத் தட்டுப்படும்?"

"டாக்டர் என் மூஞ்சியைக்கூடப் பார்க்கலை. இவராச்சும் என் பேரைக் கேட்டாரு."



ஞாயிற்றுக்கிழமை ஒசெல்லா, வெர்லீனையும் கூட்டிக்கொண்டு, முக்காடிட்ட ஓர் உறவுக்காரியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து திரைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"சகோதரியின் பேர்?" என்றார் தாடியஸ்.

"பியூலா. பாவம், வாய் பேசமாட்டா."

விளக்கு சிவந்தது. கூட்டம் விம்மியது. "வலது மார்பு. ராத்திரியெல்லாம் வலி" என்றார் தாடியஸ்.

"இருந்திருக்கும்யா. எண்ணெயைக் கொடுங்க, நானே தடவுறேன்."

பச்சை. "குணமானாள்! அடுத்த வருஷம் பிள்ளை பெறுவாள்."

ஒசெல்லா திரையையும் முக்காட்டையும் இழுத்தாள். முத்துமாலை போட்டு, எண்ணெய் மினுமினுக்க உட்கார்ந்திருந்தது, உரித்த வான்கோழி ஒன்று.

"பெறட்டும்யா. முதல்ல அவ தலையைத் தேடிக் கொடுங்க."

"சாத்தான் உருவத்தை மாத்திட்டான்" என்றார் தாடியஸ். அதற்குள் யாரோ விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். கைப்பிடிக்கு அடியில் ஒரு பொத்தான். அமுக்கினால் சிவப்பு, மறுபடி அமுக்கினால் பச்சை. ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்த்து முடிப்பதற்குள் தீர்க்கதரிசி கொல்லை வழியாகப் போயிருந்தார்.

வெர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ என் கட்டி?"

மறுநாள் காலை இருவரும் அதே டாக்டர் முன்னால் இருந்தார்கள்.

"போன தடவையே சொன்னேனே, ஒண்ணும் இருக்காது" என்றார் அவர்.

"எதை வச்சு சொல்றீங்க?" என்றாள் வெர்லீன். "தொடலை, படம் எடுக்கலை. எடுக்க அனுப்புற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

எழுந்திருக்கவும் இல்லை. படம் எடுத்தார்கள். புற்றுநோய்தான்; இன்னும் பரவவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது; மருந்தும் ஏற்றினார்கள். ஊருக்கெல்லாம் முடி பின்னியவளுக்கு முடி கொட்டி, மறுபடி முளைத்தது. கடையைத் திறந்துவிட்டாள்.

தாடியஸ் இப்போது வேறு ஊரில் சிறுநீரகம் பார்க்கிறாராம். டாக்டர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவன் அங்கி போட்டிருந்தாலும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். கேட்டதற்கே கோபப்படுகிறவனிடம் உங்கள் உடம்பை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.