கூலன்ட் டப்பாவில் ஒரு கரண்டி களிமண்

இந்த ஞாயிற்றுக்கிழமை மங்களூருக்குப் போகவே போவதில்லை என்று கொளஞ்சியப்பன் முடிவெடுத்தார். வாய்விட்டு எடுக்கவில்லை. மனசுக்குள்தான் எடுத்தார். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவர் எடுத்த முடிவெல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன.

காரணம் சோறுதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பெண்ணாடத்தைத் தாண்டி இருக்கிற நம்ம பக்கத்து மங்களூர் கிராமத்தில் மச்சினிச்சி அன்பரசிக்கு வளைகாப்பு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. அதே நாள் பெண்ணாடத்தில் கூட்டாளி தங்கராசு வீட்டில் கெடாக்கறி. "நல்லி எலும்பு பூராத்தையும் உனக்குன்னு எடுத்து வெக்கிறேன் மாப்ள" என்று போனில் வேறு சொல்லிவிட்டான். ஒரு மனுஷன் எந்தப் பக்கம் போவான்?

ஆனால் மனைவி சிவசங்கரியிடம் "நான் வரல" என்று சொல்ல முடியாது. சொல்லலாம்தான். சொன்ன பிறகும் போய்த்தான் ஆகவேண்டும். அதனால் நான் வரமாட்டேன் என்பதைவிட, கார் வராது என்பது பாதுகாப்பு.

காருக்கு இருபத்திரண்டு வயசு. பார்த்தால் பழைய இரும்புக்கடைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது போல இருக்கும். ஆனால் கோடையில் விருத்தாசலம் ரயில்வே கேட்டில் நேற்று வாங்கிய கார்கூட மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும்போது, இது மட்டும் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போகும். அந்தப் பெருமை முழுசும் சிவசங்கரிக்குத்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூலன்ட் மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள். ரப்பர் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். விறைத்திருந்தாலும் தப்பு, கொழகொழவென்று இருந்தாலும் தப்பு. போர் தண்ணீரை ரேடியேட்டர் பக்கமே விடமாட்டாள், உப்புப் படியும் என்று. "நடுரோட்டுல நின்னப்புறம் மெக்கானிக்கைத் தேடறதுக்கு, வூட்டுல நிக்கும்போதே பாத்துடலாம்ல?" என்பாள். தேதி அவளுடையது, ஸ்பேனர் அவருடையது. இந்தத் தடவை வட்டம் போட்ட தேதி தாண்டி மூணு மாசம். "வர்ற வாரம் பாத்துக்கலாம்" என்று இவர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியப்பன் செராமிக் கம்பெனியில் சூளைக்காரர். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு பொட்டலம் செங்களிமண்ணோடு வந்தார். சிவசங்கரி உள்ளே வேலையாக இருந்தாள். பானெட்டைத் தூக்கி, ஓரமாக இருக்கிற கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி மண்ணைப் போட்டுக் குச்சியால் கலக்கினார். ரேடியேட்டருக்குள் போடவில்லை. கார் மேல் அந்த அளவுக்குப் பாசம் உண்டு. பச்சையாக இருந்தது பழுப்பாக மாறியது. அசல் துரு. தன் மூளையை நினைத்துத் தானே ஒரு நிமிஷம் அசந்து நின்றார்.

"சங்கரி! ஏ சங்கரி! இங்க வந்து பாரேன்."

"என்னாங்க? பால் அடுப்புல இருக்குது."

"பால வுடு. இந்த டப்பாவப் பாரு. உள்ள பூரா துரு! இத எடுத்துகிட்டு மங்களூர் போனா பாதி வழியிலயே எஞ்சின் வெந்துடும்."

சிவசங்கரி குனிந்தாள். விரலை விட்டு எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பொம்மைக் கம்பெனியில் களிமண் கூழை அச்சில் ஊற்றுகிற கை அது. கொளஞ்சியப்பன் அதை மறந்துவிட்டார். சத்தியமாக மறந்தேவிட்டார்.

"ஆமாங்க. பயங்கரத் துருதான்."

"நான் சொல்லல?"

"நல்லவேளை நீங்க பாத்தீங்க. வேற ஆம்பளைங்களா இருந்தா கவனிச்சிருக்கவே மாட்டாங்க."

இவருக்கு நெஞ்சு ரெண்டு இஞ்சு நிமிர்ந்தது. "அப்ப வளைகாப்புக்கு எப்பிடிப் போவ?"

"பஸ்ஸு இல்லாத ஊரா? ஆனா இப்பிடியே வுட்டா ரேடியேட்டர அரிச்சுடும்ங்க. காலையில வெள்ளனா எழுந்து கழுவி வுட்டுட்டு, அப்புறம் நீங்க எங்க வேணா போங்க. நான் கேக்கவே மாட்டேன்."

"எங்க வேணாவா?"

"எங்க வேணா."

ஞாயிறு காலை ஆறு மணிக்கே லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். பழைய கூலன்டை இறக்கி, கேன் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி இறக்கினார். சிவசங்கரி ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னும் கலங்கலா இருக்குதுங்க."

மறுபடியும் ஊற்றினார்.

"லேசா கலங்கலா இருக்குதுங்க."

டப்பாவைத் தனியாகக் கழற்றிப் பிரஷ் விட்டுத் தேய்த்தார். ஒரு கரண்டி மண்ணுக்கு இவ்வளவு வேலையா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். ஒருவழியாகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தபோது, சிவசங்கரி உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். புது ஹோஸ் ரெண்டு, கிளாம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் கேன்.

"இதெல்லாம் எப்ப வாங்கின?"

"போன மாசமே. நீங்கதான் வர்ற வாரம் வர்ற வாரம்னீங்களே. கையோட மாட்டிடுங்க."

மாட்டினார். கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். சொன்ன நேரத்துக்கு ஃபேன் தானே சுற்றியது, தானே நின்றது. மணி ஒன்பது. அவசரமாகக் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

காரின் முன் சீட்டில் பட்டுப்புடவையோடு சிவசங்கரி. பின் சீட்டில் மூணு தூக்குச்சட்டி, பூத்தட்டு. மடியில் வளையல் பெட்டி.

"பஸ்ஸுல போறேன்னியே?"

"எதுக்குங்க? அதான் காரு சரியாயிருச்சே, உங்க கையாலயே! ஏறுங்க. பதினோரு மணிக்கு நல்ல நேரம்."

பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். ஏறினார்.

மங்களூருக்குப் பெண்ணாடம் வழியாகத்தான் போகவேண்டும். அதுதான் கொடுமை. ஊருக்குள் நுழைந்ததுமே எங்கிருந்தோ மசாலா வாசனை வந்தது. ஒருவேளை அவருக்கு மட்டும்தான் வந்ததோ என்னமோ.

"சங்கரி, எஞ்சின் சூடாவுற மாதிரி இருக்குது. தங்கராசு வூட்டாண்ட ஒரு அரைமணி நேரம் நிறுத்தி ஆறவெச்சுட்டு..."

"முள்ளப் பாருங்க."

பார்த்தார். வெப்பமுள் ஆணி அடித்தது போல நடுவில் நின்றது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்ததே இல்லை.

"என்னா வேலைங்க! மெக்கானிக்குகூட இப்பிடிச் செய்ய மாட்டாரு. நிறுத்தாம போங்க."

தங்கராசுவின் தெரு வந்தது. போனது. நல்லி எலும்பும் அதோடு போனது. சிவசங்கரி வளையல் பெட்டியைச் சரியாக வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அடுத்த தடவ மண்ணச் சலிச்சுட்டுக் கலக்குங்க. கட்டி கட்டியா இருந்துச்சு."