மண்சாமியின் வலது கால்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எட்டயபுரம் ரோட்டுக்கு ஆட்டோ கேட்டால், 2003 கோடையில் டிரைவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மண்சாமிக்கா?" ஆமென்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. நொண்டுகிற காலைப் பார்த்தே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் தகரக் கொட்டகையில் மண்காப்புச் சித்தர் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். மூட்டு மாற்று ஆப்பரேஷனுக்குப் போகிறவர்களுக்கென்றே ஆண்டவன் அனுப்பிய ஆள். மதுரை டாக்டர்கள் தேய்ந்த முட்டியை எடுத்துவிட்டு இரும்பு வைக்க ஆரம்பித்த பிறகுதான், தன்னிடமும் இப்படி ஓர் இலாகா இருப்பது ஆண்டவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சித்தரின் பெயர் சோலைமுத்து. பருத்திக்குப் பூச்சிமருந்து விற்றார். மருந்தடித்தும் புழு சாகவில்லை என்று ஊர் ஊராய் அவரை விரட்டியதும், காவி கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தார்.

முறை எளிது. ஆப்பரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் வர வேண்டும். ஆயிரத்தொரு ரூபாய் காணிக்கை. பானையில் குழைத்து வைத்த கரிசல் மண்ணை இரண்டு முட்டியிலும் அப்பி, மஞ்சள் துணியால் கட்டிவிடுவார். மூன்று நாளும் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் காப்பு இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மண்ணை உதிர்த்துவிட்டுப் போகலாம். அங்கே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. குளிப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மருந்துப் பாட்டிலைச் சாமி காலடியில் ஒப்படைத்துவிட வேண்டும்.

குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில், குளிக்காதே என்று சொல்லுகிற சாமிக்குக் கூட்டம் சேருவதற்குக் கேட்கவா வேண்டும்.

ஆப்பரேஷன் முடிந்து எழுந்து நடந்தவர்கள் மண்ணைக் கும்பிட்டார்கள். கத்தி பிடித்த டாக்டருக்கு அதில் பங்கு கிடையாது. புண் பழுத்து மறுபடி படுத்தவர்களிடம் சாமி ஒரே வார்த்தைதான் சொல்லுவார். "தண்ணி தொட்டிருப்ப." இந்த நியாயத்தில் மண்ணுக்குத் தோல்வி என்பதே கிடையாது.

அப்படித் 'தண்ணி தொட்ட' பாவிகளில் ஒருத்தி சுடலையம்மாள். போன வருஷம் இதே கொட்டகையில் காப்புக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். பதினைந்தாம் நாள் தையல் வழியாகச் சீழ் வந்தது. வைத்த இரும்பை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து கட்டில்தான். அவளுடைய அக்காள் பெத்தம்மாளுக்கு இப்போது அதே ஆப்பரேஷன், வருகிற திங்கட்கிழமை.

பெத்தம்மாளுக்கு ஊர் எப்போதும்வென்றான். அறுபத்தொரு வயதில் நாற்பத்தைந்து வருஷம் மிளகாய்ச் செடிக்குக் குனிந்த முட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சத்யபிரியா சிவப்புப் பாட்டிலைக் கையில் கொடுத்துச் சொன்னது அவளுக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது.

"அம்மா, நம்ம எல்லார் தோல் மேலயும் கிருமி உண்டு. சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. கத்தி வைக்கையில உள்ள போச்சுன்னா இரும்புல ஒட்டிக்கிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் லேசுல போகாது. அதனால மூணு நாள் இதைக் கழுத்துக்குக் கீழ தேய்ச்சு, ரெண்டு நிமிஷம் விட்டுக் குளிங்க. துவைச்ச துண்டு, துவைச்ச சேலை. எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். நாங்களும் அங்கன சுத்தம் பண்ணுவோம், ஊசியும் போடுவோம். ஆனா வேலை உங்க வீட்டுலயே ஆரம்பிக்கணும்."

இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை காலையில் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார் புருஷன் ராமசுப்பு. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாடு வாங்க மாட்டார் மனிதர். சாமி என்று வந்தால் மட்டும் எதையும் பார்க்க மாட்டார்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர் என்னையல்லா கேக்கும்" என்றார்.

"என் தங்கச்சிக்கு ஆச்சே, யாரு யாரைக் கேட்டா?"

"அவ தண்ணி தொட்டிருப்பா."

பெத்தம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது. மூன்று நாளும் தங்கச்சியின் பக்கத்திலேயே படுத்திருந்தவள் அவள். வாய் கொப்பளிக்கக்கூடப் பயந்து கிடந்தாள் சுடலையம்மாள். அதைச் சொன்னால் நம்புவதற்கு ஓர் ஆள் இல்லை.

வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. முன்னால் நின்ற வெயிலம்மாள் திரும்பி, "உங்களுக்கு ஒத்தை முட்டியா, ரெண்டா?" என்று அன்பாக விசாரித்தாள். தன் மாமியாரைக் கூட்டிவந்திருந்தாள். "சாமி கைராசிக்காரர். இவிய மண்ணு இருக்கிற இடத்துல புழுப்பூச்சி அண்டாதாம்."

"எங்க ஆட்டுக்குக் குளம்புல புண்ணு வந்து சேத்துல நின்னா, மூணாம் நாள் புழு நெளியுது. ஆட்டுப் புண்ணுல சேறு படக்கூடாதுன்னு உங்க வீட்டுல சொல்லமாட்டாங்களா?"

"அது ஆடுல்லா" என்றாள் வெயிலம்மாள். பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டுக்கு யோசித்து வைத்தியம் செய்கிற ஊர்தான் அது.

முறை வந்தது. சாமி உயரமான பலகையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மைக் தொங்கியது. ரோட்டுவரை குழாய் ஸ்பீக்கர் கட்டி, அவர் தும்மினாலும் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஏற்பாடு. இடது காலை மடக்கியிருந்தார். வலது கால் நீட்டியபடி, முழங்கால் வரை பட்டுத்துணியால் மூடியிருந்தது. அந்தத் துணியின் நுனியில் ஈ மொய்த்தது. சீடன் விசிற விசிற, ஈ எழுந்து சுற்றி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

ஈ எங்கே இப்படி உட்காரும் என்று ஆடு மாடு வளர்த்தவளுக்குத் தெரியாதா?

"பாட்டிலை வச்சிட்டு முட்டியைக் காட்டு தாயி" என்றார் சாமி.

"வைக்கேன் சாமி. அதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேக்குதேன். கால்ல என்ன புண்ணு?"



"தவத்துல நின்ன கால். பார்க்கக் கூடாது."

"முள்ளு ஏறிப் பழுத்த வாடை வருது. அதுக்கென்ன, கையிலேயே மருந்து இருக்கே. இந்தப் பானையில ஒரு உருண்டை எடுத்து உங்க புண்ணுல வையுங்க. எல்லாரும் பாக்கட்டும். வச்சீங்கன்னா நான் முட்டிக்கு மட்டுமில்ல, தலை முதக்கொண்டு பூசிக்கிடுதேன்."

சாமி சிரித்துப் பார்த்தார். "குரு தனக்குத் தானே வச்சுக்கிடக் கூடாது தாயி. சாஸ்திரம்."

"அவ்வளவுதானே, நான் வைக்கேன்."

ராமசுப்பு அவள் கையைப் பிடிப்பதற்குள் பானையில் கையை விட்டு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிவிட்டாள். மற்றொரு கை பட்டுத்துணியை இழுத்தது. உள்ளே முழங்காலிலிருந்து பாதம் வரை வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரிக் கட்டு. பாதத்தில் மஞ்சளாய் ஊறியிருந்தது. அவள் கட்டின் முடிச்சில் விரலை வைத்தாள்.

சாமி காலை இழுத்துக்கொண்டு அலறினார். "ஏம்மா, மண்ணைக் கொண்டுவராத! அதுல மண்ணு பட்டா செப்டிக் ஆயிரும், காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு!"

கழுத்தில் மைக் இருந்தது அவருக்கு மறந்துபோயிற்று. எட்டயபுரம் ரோடு முழுக்க அந்த அருள்வாக்கு கேட்டது.

 வெயிலம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். மாமியாரின் முட்டியில் ஈரமாயிருந்த மண்ணைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு நாலைந்து பேர் பலகைக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கினார்கள். வாளி, தூய வெள்ளைத் துண்டு, ஒப்படைத்த சிவப்புப் பாட்டில்கள் வரிசையாக. பாதிக்கு மேல் காலி. பக்தர்களைக் குளிக்காதே என்ற மகான் தினமும் அதில் குளித்துக்கொண்டிருந்தார்.

சீடன் பின்பக்கச் சுவரேறிப் போய்விட்டான். சாமியால் ஏற முடியவில்லை, கால் அப்படி. மைக்கில் கேட்டதை யாரோ சொல்லி வந்த போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதுகூட, "பாத்துப் பிடிங்க, கட்டுல அழுக்குப் படாம" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதும் வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திய பெரிய மனிதர், "சாமிக்குப் பலிக்காட்டி என்ன, நமக்குப் பலிக்கும்லா" என்றார். இவரைத் திருத்த எந்த ஆஸ்பத்திரியிலும் ஆப்பரேஷன் கிடையாது.

ராமசுப்பு பெத்தம்மாளை ஆட்டோவில் ஏற்றினார். வீட்டுக்கு வந்ததும் லாரித் தண்ணீருக்குச் சொல்லி அனுப்பினார். பெத்தம்மாள் மூன்று நாளும் நர்ஸ் சொன்னபடி குளித்தாள். திங்கட்கிழமை கத்தி வைத்தார்கள். தையல் பிரித்த அன்று புண் காய்ந்து சுத்தமாக இருந்தது.

கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவள் முதலில் போனது தங்கச்சி வீட்டுக்கு. சுடலையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏட்டி, நீ தண்ணி தொடல. தொட்டிருந்தாலும் தப்பில்ல. தொட்டிருந்தா நல்லதுதான். மண்ணுதாம்ட்டி உன்னைக் கெடுத்துச்சு. அந்த ஆளே மைக்குல சொன்னான்."

"நெசமாவா?" என்று கேட்டாள் சுடலையம்மாள். பக்கத்தில் நின்ற புருஷனையும் மகனையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். அவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வருஷமாக அந்த வீடும், தெருவும், சொந்தபந்தமும் கட்டிலில் கிடந்த ஒரு பொம்பளையைச் சந்தேகப்பட்டன. அவள் மேல் அப்பிய மண்ணைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?