மச்சான் படகும் என் பிரவுசரும்

கடலில் கால் வைப்பதில்லை என்று நான் எடுத்த முடிவு என் கல்யாணத்தைவிட மூத்தது. கடலோரத்தில் பெண் எடுத்தவன் எடுக்கிற முடிவா இது என்று கேட்பீர்கள். பெண்ணைத்தான் எடுத்தேன். கடலை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

மாமனார் பெரியதம்பிக்கு மரக்காணம் பக்கத்தில் மீன்பிடித் தொழில். நான் திண்டிவனத்தில் குடியிருந்து விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் பில் போடுகிறவன். பக்கெட் தளும்ப நிறைந்திருந்தால் பாதியைக் கொட்டிவிட்டுத்தான் குளிப்பேன்.

2011இல் மச்சான் பிரேம்குமார் புதுப் படகு வாங்கினான். போன் வந்தது.

"மாமா, ஞாயித்துக்கெழம படகு எறக்கறோம். மொத ரவுண்டு நீங்கதான் ஏறணும். வூட்டு மாப்பிள்ள இல்லாம எப்படி?"

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்போதே ஆட ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரம்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு புது பிரவுசர் ஏற்றியிருந்தேன். கூட வேலை பார்க்கும் மாசிலாமணி சொன்னது.

"பேஸ்புக்னு தனியா போவ வேணாம்பா. பிரவுசருக்குள்ளாறயே கீது. ஒரு தடவ உள்ள போயிட்டா போதும், எப்பவும் தொறந்தே இருக்கும்."

திறந்தேன். இடது ஓரம் முழுக்கத் தலைகள். காபியோடு வந்த என் மனைவி செந்தாமரை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, டவுன் பஸ் ஜன்னல் மாதிரி வரிசையா தல எட்டிப் பாக்குது?"

"எல்லாம் சிநேகிதங்க. தலைய தொட்டா அவங்களோட பேசலாம்."

"மேல ஒரு தலைக்குப் பக்கத்துல பச்சையா எரியுதே?"

"அது நான்தான். உனக்குப் புரியாது, உடு."

"செரிங்க."

மனைவி இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் புருஷன் உஷாராக வேண்டும். நான் காபி குடித்தேன்.

குடித்ததும் யோசனை வந்தது. பிரவுசரின் மேல்பக்கத்துப் பெட்டியில் எழுதினேன்: 'ஞாயிறும் ஆபீஸ். மேடம் விடவில்லை. மச்சான் படகில் ஏறும் பாக்கியம் எனக்கு இல்லை.' பிரேம்குமார் பார்க்கட்டும் என்று ஊருக்கே போட்டேன். எங்கள் மேனேஜர் கிருஷ்ணவேணி மேடத்தை நட்பில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மூளை உண்டு.

அடுத்து மாசிலாமணி தலையைத் தொட்டு, அவனுக்கு மட்டும் எழுதினேன்: 'வீட்டில் பொய் சொல்லியிருக்கிறேன். விழுப்புரம் வருகிறேன். சினிமா பார்த்துவிட்டு பிரியாணி சாப்பிடலாம்.'

செந்தாமரையிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம பாத்தா கூப்புடுவாங்க உங்க மேடம்?"

"பெரிய பேஜாரும்மா அந்தம்மாவோட. மனசாட்சியே கெடையாது."

"பாவம் நீங்க," என்றாள். குரலில் அப்படி ஒரு இரக்கம். எனக்கே என்மேல் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் வறுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்தேன். கேப்பை மாவு சொல்ல மறந்துட்டேன் என்று மறுபடி அனுப்பினாள். அந்த அலைச்சல்கூட எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மறுநாள் பிரியாணி அல்லவா?

ஞாயிறு காலை ஆபீஸ் பையோடு கேட்டைத் திறந்தேன். எதிரே ஒரு கார் வந்து நின்றது. மாசிலாமணி பட்டுச் சட்டையில் இறங்கினான். பின்னாலேயே பட்டுப்புடவையும் பழத்தட்டுமாகக் கிருஷ்ணவேணி மேடம்.

"என்ன மணிமாறன், பையோட எங்க கெளம்பிட்டீங்க? படகுக்கு நேரமாகலையா?"

"எந்தப் படகு மேடம்?"

"நல்லா இருக்கே! 'நீங்க வந்து கொடி அசைச்சாத்தான் என் மச்சான் படகே நகரும்'னு நீங்கதானே எழுதினீங்க? நேத்து சாயந்திரம் நட்புல சேத்துக்கிட்டதும் மொத வேலையா அதத்தானே எழுதினீங்க? எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

நேற்று சாயந்திரம் நான் கேப்பை மாவுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

மாசிலாமணி என் காதைக் கடித்தான். "சினிமா வேணாம், மனசு மாறிடுச்சு, மேடத்த கூட்டிக்கினு வூட்டுக்கு வான்னு எழுதிட்டு இப்ப இன்னாத்துக்கு முழிக்கற?"

பின்னால் கதவு பூட்டும் சத்தம். செந்தாமரை தலை நிறையப் பூவோடு வந்தாள்.

"வாங்க மேடம். ஞாயித்துக்கெழமயும் உங்களுக்கு வேல இருக்குமோன்னு நெனைச்சேன்."

"ஞாயித்துக்கெழமை நான் ஒருத்தரையும் வேலைக்குக் கூப்பிட்டதே இல்லம்மா."

"அப்படிங்களா?" என்று செந்தாமரை என்னைப் பார்த்தாள். நான் கார் டயரைப் பார்த்தேன்.

மரக்காணத்தில் மேடம் கொடி அசைத்தார். மாமனார் இடுப்பைக் கட்டிக்கொண்டு படகில் ஏறினேன். போய்த் திரும்புகிற வரை கண்ணைத் திறக்கவில்லை, வாயை மூடவில்லை.

"மாமா, நீங்க கத்தின கத்துல மீனெல்லாம் பாண்டிச்சேரிக்கே போயிருக்கும்," என்றான் பிரேம்குமார்.

ஆனால் பாண்டிச்சேரி போகாத வஞ்சிரம் ஒன்று குழம்பில் கிடந்தது. மூன்று முறை சோறு வாங்கினேன். மாமனார் என் முதுகைத் தட்டி, "மாப்பிள்ளைக்கு இன்னாமா தைரியம்!" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். உள்ளதைச் சொல்கிறேன், அப்போது நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நீ எப்படி டைப் அடிச்ச?"

"டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸுங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அப்பா சொன்னாரு. நீங்க பஜ்ஜியிலயே கண்ணா இருந்தீங்க."

மறுநாள் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தேன். பிரவுசர் என்னை உள்ளேயே விடவில்லை.

"செந்தாமரை, பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"ஆமாங்க. அப்பாவுக்கு ஞாயித்துக்கெழமல வலை இழுக்க ஒரு ஆள் கொறையுதாம். வர்றேன்னு சொல்லுங்க, பாஸ்வேர்ட சொல்றேன்."

சொன்னேன். வாராவாரம் அவள் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்கிறாள். ஊரில் எல்லோரும் சும்மாவே வலைக்குள் போய் வருகிறார்கள். நான் மட்டும் மரக்காணத்தில் ஒரு வலையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இன்னொரு வலைக்குள் போகிறேன்.