அரைக்காத்து பூட்டிய சைக்கிள்

நடந்தது இதுதான்:

1. யுத்த காலத்தில் ஓர் ஆவணி மாதம் அரியலூரில் பிரசவ நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன்.
2. கிராமங்களுக்குப் போய்வர ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்தார்கள்.
3. கல்லங்குறிச்சிக் குறுக்குப் பாதையில் முதல் வாரமே மூன்று தடவை விழுந்தேன். மூன்றாம் தடவை மருந்துப் பெட்டியும் கூட விழுந்தது.
4. டாக்டரம்மா ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் பழகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள்.
5. எனக்குத் தோதாக மாற்றித் தரச் சொல்லி சைக்கிளை அரைக்காத்திடம் விட்டேன்.

ஐந்தாவதுதான் தப்பு என்று கடைவீதியே சொன்னது.

உலகத்தில் அவசரம் என்ற ஒன்றைக் கண்ணால் கண்டிராத மனிதர் அரைக்காத்து ஒருவர்தான். அவர் சைக்கிள் கடையில் பூனைகூட யோசித்துத்தான் அடுத்த காலை எடுத்து வைக்கும். எந்த டயருக்கும் அவர் பாதிக்கு மேல் காற்று அடித்ததில்லை. அதனால் வந்த பெயர். எதிர்த்த டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்: "ஏன்யா, காத்துக்கும் ரேஷன் போட்டுட்டானா?"

இவர் தலை நிமிராமல் சொல்வார்: "நெறைய அடிச்சா கல்லு மேல குதிக்கும். பாதி அடிச்சா கல்லத் தடவிக்கிட்டுப் போவும்."

அவர் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய சைக்கிள்களின் சொகுசு பிரசித்தம். ஊர்க் கணக்கெழுதும் கர்ணம் ஒருவர் ஏரிக்கரையில் மிதித்தபடியே தூங்கிப்போய், சொந்த ஊரைத் தாண்டி மாமனார் ஊரில் கண் விழித்தாராம். மாப்பிள்ளை தானாக வந்தது அதுவே முதல் தடவை என்பதால் நாலு நாள் விருந்து வைத்து விடவே இல்லையாம்.

என் உயரத்தை அவர் கேட்கவில்லை. எந்தப் பாதை என்று மட்டும் கேட்டார். செருப்பைக் கடையில் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கப் போய்விட்டார். பாதையை முதலில் கால் பார்க்க வேண்டுமாம், சைக்கிள் பிறகுதானாம். நாலு நாள் நடந்தார்.

அதன் பிறகு நடந்த வேலைகளை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஹேண்டில்பாரைக் கொல்லன் உலையில் காய்ச்சி உயர்த்தி, பின்னால் வளைத்தார். பிடித்தால் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்ததுபோல இருந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தினார். அடியில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிப் பழுதான பஸ்ஸின் ஸ்பிரிங், மேலே இலவம் பஞ்சு, அதன் மேல் ஜமக்காளத் துண்டு.

பத்தாம் நாள் உட்கார்ந்து பார்த்தேன். கடை வாசலில், நகராத சைக்கிளில், எங்கேயோ போய்விட்டு வந்தேன். சோளக் காடுகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டதுபோல இருந்தது. இறங்கியபோது டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எடுத்துட்டுப் போகலாமா, அண்ணே?" என்று அரைக்காத்திடம் கேட்டேன்.

"சைக்கிள் முடிஞ்சிருச்சு நர்ஸம்மா. பாதை இன்னும் முடியல."

சைக்கிளைத் தரவில்லை. அன்றிலிருந்து கடை பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. திட்ட வேண்டியவற்றை வரிசைப்படி எழுதி வைத்தேன். பதினொன்று தேறியது.

இருபத்தேழாம் நாள் காலை கல்லங்குறிச்சியிலிருந்து ஆள் வந்தார். தலைப்பிரசவம், பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் ஜட்காவில் வண்டிப்பாதையில் சுற்றி வர ஒரு மணி நேரமாகும், நீங்கள் சைக்கிளில் குறுக்கே முன்னால் போங்கள் என்றார் டாக்டரம்மா. சைக்கிள் என்னிடம் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கடை பூட்டியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பாதி வழியில் ஒரு பர்லாங்கு தூரத்துக்கு மண்ணே தெரியாது. எந்தக் காலத்திலோ அங்கே கடல் இருந்ததாம். உள்ளங்கை அகலக் கிளிஞ்சல்கள் கல்லாகி, கத்திபோல விளிம்பை நீட்டிக்கொண்டு கிடக்கும். நான் மூன்று தடவையும் விழுந்தது அங்கேதான்.

வேலமரத்தில் என் சைக்கிள் சாய்ந்திருந்தது. அரைக்காத்து குந்தி உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு கோடு, பெருக்கித் தட்டியது, வெயிலில் வெள்ளையாக நெளிந்து போயிற்று.

"இந்த எடத்துக்கு மட்டும் எந்தக் காத்தும் ஒத்து வரல," என்றார். "அதான் சைக்கிளுக்குத் தக்கன பாதையப் பூட்டிக்கிட்டு இருக்கேன்."

திட்டுகள் பதினொன்றும் நோட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். பிரசவம் என்றேன், இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன்.

"பத்தடி. நீங்க ஏறுங்க."

ஏறினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்: அரைக்காத்து ஓடினார். என் முன்சக்கரத்துக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி, இரண்டு கையாலும் கிளிஞ்சலை வாரி வீசிக்கொண்டே ஓடினார். பத்தடி முடிந்ததும் ஓரமாக விலகி நின்றார். சைக்கிள் அவரைக் கடந்து, சத்தமில்லாமல், தண்ணீரில் போவதுபோலப் போயிற்று.

ஜட்கா வந்து சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து அழுது முடித்திருந்தது. டாக்டரம்மா தாயையும் பிள்ளையையும் பார்த்தார். வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தார். "இது சைக்கிளா, சோபாவா?" என்று உட்கார்ந்தவர், கண்ணை மூடிக்கொண்டார். ஜட்காக்காரர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

இப்போது நிலைமை இது. வேலை நிரந்தரமாகிவிட்டது. சைக்கிள் ஓடுகிறது, பஞ்சு ஒரு தடவை மாற்றியாயிற்று. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கிளிஞ்சல் மறுபடி மேலே வரும். செவ்வாய்க்கிழமைகளில் நான் அந்த வழியே போகும்போது இரண்டு சாண் அகலத்துக்கு மட்டும் கிளிஞ்சல் இருப்பதில்லை. நானும் பாதிக் காற்றுதான் அடிக்கிறேன்.