மணமக்களை வரவேற்ற என் குரல்

தனியாகக் குடியிருப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் கிறுக்குதான். சிலர் தொட்டிச்செடியிடம் பேசுவார்கள். சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்து வீட்டில் என்னிடம் செடி இல்லை, சாம்ப்ளர்தான் இருந்தது. எந்த ஒலியையும் பிடித்து வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டினால் திருப்பித் தரும் பெட்டி.

அதிலும் இரண்டு. பழையதில் ஓசை கனமாக, கதகதப்பாக வரும். ஆனால் மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும்; டிஸ்கிலிருந்து மறுபடி மெதுவாக ஏற்ற வேண்டும். புதியது எதையும் மறக்காது. (என் மானத்தை வாங்கியது இந்த ஞாபகசக்திதான்.)

சித்தி மகள் கவிதா தன் கல்யாணத்துக்கு, "அண்ணா, நாங்க ஹால்ல நுழையும்போது உங்க பீட்தான் போடணும் லா," என்றாள். குடும்பத்தில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. என் போன் அடித்தால் பார்சல் கொண்டுவருபவராகத்தான் இருக்கும். தவில் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, வாரக்கணக்கில் உட்கார்ந்து பழைய பெட்டியில் ஒரு தாளம் செய்தேன். புதியதில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். கலைஞன் நகல் எடுப்பானா? (பிழைக்கத் தெரிந்தவன் எடுப்பான்.) புதியதைச் சும்மா அழகுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் மண்டபம். மணமக்கள் வாசலுக்கு வந்த நேரத்தில் பழைய பெட்டியின் விளக்கு அணைந்தது. சமையல்காரர் என் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேநீர்க் கலனைச் செருகியிருந்தார்.

"அங்கிள், அது என்னோடது."

"டீ ஆறிப்போச்சு தம்பி. அஞ்சு நிமிஷம் குடுங்க."

மறுபடி செருகி, டிஸ்கிலிருந்து தாளத்தை ஏற்றுவதற்குள் மணமக்களுக்குப் பிள்ளை பிறந்துவிடும். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த புதிய பெட்டியில் கைக்கு வந்த பட்டனைத் தட்டினேன்.

"வந்-வந்-வந்துட்டியா? சாப்பிட்டியா?"

என் குரல். அம்மா போன பிறகு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஆளில்லை. நானே பேசிப் பதிந்து, டிரம்ஸும் சேர்த்து வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அந்தப் பட்டனைத்தான் தட்டுவேன். அவ்வளவு தனிமை.

நிறுத்தும் பட்டன் எதுவென்று கைக்கு மறந்துபோனது. மாப்பிள்ளை மேடைவரை தாளம் தப்பாமல் நடந்தார். முன்வரிசையில் சித்தப்பா, "இன்னும் இல்லப்பா," என்று மரியாதையாகப் பதில் சொன்னார். மண்டபமே சிரித்தது.

பந்தியில் கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அது உங்க குரல்தானே? யாருக்காகப் பதிஞ்சீங்க?"

"சும்மா, டெஸ்டிங்."

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் பாத்தோக்கில் அவள் வீட்டு மணியை அடித்தால் போதும். மாப்பிள்ளை மேசையைத் தட்ட, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, "வந்-வந்-வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்று ஓட்டுகிறார்கள். வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும், இன்னும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.