வியர்த்தால்தான் விளையாட்டா, மச்சான்?

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முழங்கால்கள் மட்டும் என்னோடு கொஞ்சம் மனக்கசப்பில் இருக்கின்றன. விளையாட்டு ஆசிரியராக விசிலும் கையுமாக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள், இப்போதும் விடிவதற்கு முன்பே எழுந்து தெருவைச் சுற்றி ஓடுவதாகக் கேள்வி. நீங்களும் அக்காவும், உங்கள் காலடிச் சத்தத்தில் கண் விழிக்கும் அக்கம்பக்கத்தாரும் நலமாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சர்க்கரை பார்த்த டாக்டர், "நாள்பூரா உக்காந்தே இருக்காதீங்க, ஏதாவது ஒரு விளையாட்டு விளையாடுங்க" என்றார். நானும் பெருமையாக, "தினமும் செஸ் விளையாடுறேன் டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உங்கள் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆரம்பித்தது வினை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உங்களுக்குப் போன் போட்டாள். நீங்களும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "வேர்க்கலன்னா அது விளையாட்டே இல்லம்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் நம்பாதவள், சூரியன் மேற்கே உதிக்கிறது என்று அண்ணன் சொன்னாலும் ஜன்னலை இடம் மாற்றி வைப்பாள். "பலகையைப் பரண்ல போடுறேன். நாளையிலேர்ந்து நடைப்பயிற்சிக் கூட்டத்தோட போங்க" என்று முடித்துவிட்டாள். அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியாது. ஆளாளுக்குத் தன் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடப்பார்கள். அதைக் கேட்டாலே நமக்கு ஏறிவிடும்.

என்னோடு ஆடுகிறவர் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கும் மெக்கானிக். மாலையில் எங்கள் கீழ்த்தளத்து மோட்டார் அறையில்தான் இருப்பார். நான் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் ஒரு போல்ட் வேண்டுமென்றால்கூட என் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஜீவன் ஒன்றும் இல்லாமல் போனது. இந்த மனிதர் மட்டும்தான், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, "வாங்க சார், உங்க ஆட்டம்தான் நிக்குது" என்பார். எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உங்கள் தங்கையிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே பலகையைக் காப்பாற்ற, செஸ்ஸிலும் வியர்க்கும் என்று நிரூபிக்க முயன்றேன். என் ராணி வசமாக மாட்டிக்கொண்ட அன்று நனைந்த சட்டையோடு மாடியேறிப் போய்க் காட்டினேன். "கீழ ஃபேன் ஓடலையா?" என்று கேட்டாள். பிறகு அவளே இறங்கி வந்து ஒரு சமாதானம் சொன்னாள். லிஃப்ட் அப்போது ரிப்பேர். 'பழுது' என்று போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. பலகை கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும், ஒவ்வொரு காய் நகர்த்தியதும் நான் நாலாம் மாடிக்கு ஏறி வந்து முகத்தைக் காட்டிவிட்டு இறங்கிப் போக வேண்டும். அதுவும் அண்ணன் மறுபடி யோசித்து முடிவு சொல்லும்வரைதான். அன்றிலிருந்து சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் நான் நாலு மாடி ஏறுகிறேன். உங்கள் தங்கை வாசலில் நின்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ம், போங்க" என்கிறாள். ஒருநாள் நெற்றியில் இருந்தது வியர்வையல்ல, பக்கெட் தண்ணீர் என்று கண்டுபிடித்து, இன்னொரு முறை ஏற வைத்துவிட்டாள்.

இதில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாம் மாடியில் அற்புதமான யோசனை ஒன்று உதிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் அது முந்தின நாள் ஆட்டத்துக்கான யோசனை என்று தெரியும். மூச்சு வாங்குகிறதே என்று மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து குதிரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மாடியில் குடியிருக்கும் டீச்சர் நான் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்து, டீ கொடுத்து, "விட்டுக்கொடுத்துப் போங்க சார், இந்த வயசுல என்ன" என்றார். குதிரையைத்தான் விட்டுக்கொடுத்தேன். போன வாரம் ராஜாவை மடக்க வழி கண்டுபிடித்துவிட்ட ஆவேசத்தில் ஓடி இறங்கினேன். என் செருப்பு எனக்கு முன்னால் போய்ப் பலகையில் விழுந்து காய்கள் நாலாபக்கமும் சிதறின. நான் பின்னால் வந்து சேர்ந்து காலைச் சுளுக்கிக்கொண்டேன். மெக்கானிக் ஒவ்வொரு காயாகப் பொறுக்கி அதனதன் கட்டத்தில் வைத்தார். என் யானை மட்டும் ஏனோ வேறு கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. "இங்கதான் சார் இருந்துச்சு" என்று சாதித்தார். காலில் கட்டு, யானைக்காக வாய்ச்சண்டை, பார்வையாளர் கூச்சல் எல்லாம் ஆயிற்று. மச்சான், கபடியில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

பார்வையாளர் என்றேன் அல்லவா, அதுதான் என்னுடைய முக்கியமான ஆதாரம். ஐந்தாம் மாடியில் ஒரு மூட்டுவலிக்காரர் இருக்கிறார். லிஃப்ட் நின்ற புதிதில் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி முனகிக்கொண்டிருந்தவர். எங்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். நான் ஏறும்போது மேலே சிரித்தபடி நின்று கையசைக்கிறார். வீட்டுக்குள் போய் நெற்றியைக் காட்டிவிட்டு நான் இறங்குவதற்குள், கீழே பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொட்டு வியர்வை கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. கேட்டால், "எல்லாம் உங்க ஆட்டத்தைப் பாக்குற உற்சாகம்தான்" என்கிறார். வேடிக்கை பார்த்தவருக்கே மூட்டு இப்படி ஆகிறது என்றால், சதுரங்கம் விளையாட்டா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கும் ஒன்றும் கெடுதல் இல்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, பழைய கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. உங்கள் தங்கையும் இப்போதெல்லாம் நெற்றியைத் தொட்ட கையை உடனே எடுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் ரொம்பக் காலத்துக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருக்கிறேன். இது பரணுக்குப் போகக்கூடாது. ஆகவே தயவு செய்து, சதுரங்கம் முறையான விளையாட்டுத்தான் என்று ஒரு வரி எழுதி, உங்கள் கையெழுத்தோடு சீக்கிரம் அனுப்பி வையுங்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் ஓட்டம் ஒருநாளும் மூச்சிரைக்காமல் தொடரட்டும்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மச்சான், உங்கள் தீர்ப்பை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட, வழக்கமாக நான் தூங்கும் மதிய நேரத்தில் இறங்கிப் போனேன். கீழே லிஃப்ட் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஐந்தாம் மாடிக்காரர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, உங்கள் தங்கை காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கதவு தானா திறந்துச்சுங்க" என்றாள். கதவு மூடியது, லிஃப்ட் போயே விட்டது. அன்று மதியமே வந்திருந்த மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, "சரியாகி ரொம்ப நாளாச்சு சார். வீட்டம்மாதான் போர்டக் கழட்டாதீங்கன்னாங்க. பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். லிஃப்ட் ஓடுகிறது என்று நான் ஒப்புக்கொண்டால் படியேற வேண்டியதில்லை, ஏறாவிட்டால் வியர்க்காது, வியர்க்காவிட்டால் அது விளையாட்டில்லை, விளையாட்டில்லை என்றால் பலகை பரணுக்குப் போய்விடும். எழுந்து, ஒன்றையும் பார்க்காதவன்போல் நாலு மாடியும் ஏறி, வாசலில் நெற்றியைக் காட்டினேன். அவளும் ஒன்றும் நடக்காததுபோல் தொட்டுப் பார்த்து, "ம்" என்றாள். உங்கள் தீர்ப்பு வந்துவிட்டால் இதுவும் நின்றுபோகும். ஆகவே உங்கள் தங்கை போன் செய்தால், எங்கள் லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை என்று நான் மிகவும் வருத்தப்பட்டு எழுதியிருப்பதாகச் சொல்லவும்.